வீதி கூட்டல்

ஆனைவாய்ப் பள்ளத்துப் பாலத்துத் தூணில்
நோட்டீஸ் ஒட்டியிருந்தது மலையாளத்தில்:
ரோடின்டெ வீதி கூட்டும்.
வாசித்துக் காட்டினேன்.
"கூட்டட்டுமே, ஆறு மாசமாச் சருகு மண்டிக் கெடக்கு"
என்றாள் ஒச்சம்மாள்,
நூறுநாள் வேலையின் விளக்குமாறு
அவள் கையிலேயே இருந்தது.

வீதி என்றால் அவர்களுக்கு அகலம்,
கூட்டுவது என்றால் அதிகமாக்குவது
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
சர்வேக்காரர்கள் பாறையில்
மஞ்சள் பெயிண்டால் எண் போட்டுவிட்டார்கள்.
நாவல் மரம் நாற்பத்தொன்று.
தேனடை தொங்கும் முகட்டுக்கு எண் இல்லை,
ஒரு அம்புக்குறி மட்டும்.

மறையூருக்கு மேலே அக்ஷயா சென்டரில்
தட்டச்சு செய்கிறவள் நான்.
அவர்கள் தமிழில் சொல்வார்கள்,
மலையாளத்தில் மனுவாகும்,
ஒன்றுக்கு இருபது ரூபாய்.
அந்த வாரம் அறுபத்து மூன்று.

கரும்பாலை ஜெயசீலன்:
பெரிய லாரி வந்தா வெல்லத்துக்கு வெலை வரும்பாங்க.
லாரிக்காரன் சொல்ற வெலைதான் வரும்.

முதுவக்குடி நெல்லியன்:
பாறைய ஒடச்சா தேனீ போயிரும்.
எங்க போகும்னு கேக்காத.
தெரிஞ்சா ஒங்கிட்டச் சொல்லுவனா?

பள்ளி வேன் ஓட்டும் ஸ்டெல்லா:
இப்ப வளைவுல எல்லாருக்கும் பயம் இருக்கு.
அந்தப் பயத்துலதான்
பிள்ளைக வீடு வந்து சேருது.

பயத்துக்கு மட்டும்
நான் சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

பாலத்தின் அகலம் மூன்று மீட்டர் நாற்பது.
ஏறி வருகிற வண்டிக்கு வழி,
இறங்குகிற வண்டி பின்னே எடுக்கவேண்டும்.
எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம்.
பின்னே எடுக்கிறவன்
ஜன்னல் வழியே ஒரு பீடியோ ஒரு சேதியோ
வாங்கிக்கொண்டுதான் எடுப்பான்.
என் அக்காளின் கல்யாணம்
இரண்டு ஜீப்புகள் முறைத்துக்கொண்டு நின்றபோது
அங்கேதான் பேசி முடிந்தது.
இதையும் ஒரு மனுவில் சேர்த்தேன்,
பிறகு அழித்தேன்.

கடைசி நாள், கடை மூடும் நேரம்
சன்னாசி வந்தார்.
அவர் மனைவி பவுன்தாய்
முட்டைக்கோஸ் லாரி அச்சு முறிந்து நின்ற
அந்தப் பாலத்தில்தான்,
ஆம்புலன்சுக்குள்,
ஒன்றரை மணி நேரம்.
மனுப் போட்ட அறுபத்திரண்டு பேருக்கும் தெரியும்.
யாரும் அதை எழுதச் சொல்லவில்லை.

"என்னன்னு போடட்டும்?" என்றேன்.
திரையில் இரண்டு கட்டம்:
ஆதரவு, எதிர்ப்பு.
அவர் யோசித்த நேரத்தில்
திரை தானாக இருண்டது.
மவுசை அசைத்தேன்.
"அகலம் வேணாம் தாயி" என்றார்.
"அன்னைக்கு மட்டும் வேணும்."

கட்டம் காலியாயிருந்தால் கம்ப்யூட்டர் வாங்காது.
ஆதரவு என்று தட்டினேன்.
அவர் வைத்த இருபது ரூபாயை
எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.
மின்விசிறிக் காற்றில் அது மேசையில் நகர்ந்தது.

பஞ்சாயத்து மண்டபத்தில்
எஞ்சினியர் ஷைனி மேடம் வாசித்தார்:
எதிர்ப்பு அறுபத்திரண்டு.
மண்டபம் கைதட்டியது.
ஆதரவு ஒன்று.
யாரோ பின்வரிசையிலிருந்து ஊளையிட்டார்கள்.
"அந்த ஒருத்தர் யார், கேட்டுச் சொல்லுங்க"
என்று மேடம் என் பக்கம் திரும்பினார்,
மொழிபெயர்ப்புக்காக என்னை உட்காரவைத்திருந்தார்கள்.
எனக்கு இரண்டு மொழி தெரியும்.
இரண்டிலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முடிவு அடுத்த மாதம் என்றார்கள்.
ஸ்டெல்லாவின் வேனில் திரும்பினோம்,
ஜெயித்துவிட்டதுபோல் சத்தம்.
பாலத்தின் நடுவில்
எதிரே ஒரு மொபெட்,
இருபுறமும் புல்லுக்கட்டு.
கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து போனவர்.

ஏறுகிற வண்டி எங்களுடையது.
சன்னாசி இறங்கி,
புல் கைப்பிடியில் உரச உரச
வண்டியைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போய்
நாவல் மரத்தடியில் நிறுத்தி
கையைத் தூக்கினார்,
போங்க.